புதுப்பிப்பு: கிரேடிலும் இன்டெல்லிஜேயும் எங்கள் டெஸ்ட் எஞ்சினைக் கண்டுகொண்டன

ஜாவா டெஸ்டுகளை ஓட்டும் அடித்தளமான ஜேயூனிட் பிளாட்ஃபார்ம் மேல் நாங்கள் எழுதிய எஞ்சினை (டெஸ்டுகளைக் கண்டுபிடித்து ஓட்டும் பகுதி), பில்ட் கருவியான கிரேடில் கண்டுகொள்ளவில்லை, ‘ஒரு டெஸ்ட் எஞ்சின்கூட இல்லாமல் லாஞ்சரை உருவாக்க முடியாது’ என்று நின்றுவிடுகிறது எனக் கேட்டிருந்தேன் (லாஞ்சர் என்பது எஞ்சின்களைத் தேடி இயக்கும் பகுதி). பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கை கொடுத்தது ‘சர்வீஸ் கோப்பின் பெயரைப் பாருங்கள்’ என்ற யோசனை; எந்த எஞ்சின் இருக்கிறது என்று பிளாட்ஃபார்முக்குச் சொல்லும் கோப்பு அது. மெட்டா-இன்ஃப் அடைவுக்குள் சர்வீசஸ் அடைவில் உள்ள அந்தக் கோப்புக்கு எஞ்சின்கள் எல்லாம் பின்பற்றும் டெஸ்ட்எஞ்சின் இன்டர்ஃபேஸின் முழுப்பெயர்தான் இருக்க வேண்டும். நம் எஞ்சின் கிளாஸின் முழுப்பெயர் உள்ளே ஒரு வரியாக வரவேண்டும். நான் இரண்டையும் மாற்றிப்போட்டிருந்தேன். திருத்தியதும் கிரேடில் ஓடியது. டெஸ்டுகளை ஜேயூனிட் பிளாட்ஃபார்மில் ஓட்டச் சொல்லும் ‘யூஸ்ஜேயூனிட்பிளாட்ஃபார்ம்’ வரி பில்ட் கோப்பில் முன்பே இருந்தது, அதில் பிழையில்லை.

அப்புறம் கோடு எழுதும் எடிட்டரான இன்டெல்லிஜே. டெஸ்ட் மரம் (டெஸ்டுகளின் கிளைப்பட்டியல்) வந்தது, ஆனால் பெயரை இருமுறை சொடுக்கினால் கோடுக்குப் போகவில்லை. டெஸ்டை விவரிக்கும் அப்ஸ்ட்ராக்ட்டெஸ்ட்டிஸ்கிரிப்டர் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்கு சோர்ஸ் (டெஸ்ட் கோடில் எங்கே உள்ளது என்ற தகவல்) கொடுக்காமல் விட்டதே காரணம். ஒவ்வொரு டெஸ்டுக்கும் அதன் மெத்தடைச் சுட்டும் மெத்தட்சோர்ஸ் கொடுத்தேன், இப்போது நேராக அந்த மெத்தடில் போய் நிற்கிறது. எடிட்டரில் வேலை செய்பவருக்கு இதுதான் பெரிய வித்தியாசம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று: எங்கள் எஞ்சின் ஐடி (அதன் அடையாளப் பெயர்) ‘ஜேயூனிட்-’ என்று தொடங்கியதால் லாகில் எச்சரிக்கை வந்தது. அந்த முன்னொட்டு ஜேயூனிட் குழுவுக்கே ஒதுக்கப்பட்டது. ஐடியை மாற்றியதும் சரியாகிவிட்டது.