ஒரே டேக், ஐந்து கேமரா: 'தி 40 இயர் ஓல்ட் வர்ஜின்' பார்த்தவர்கள் கவனிக்க வேண்டியவை

2005 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான நகைச்சுவைப் படம். நாற்பது வயதாகியும் உடலுறவு அனுபவமே இல்லாத ஆண்டி (ஸ்டீவ் கேரல்) என்பவனின் கதை. ஜட் அபடோ இயக்கிய முதல் திரைப்படம். கதை, திரைக்கதை அவரும் ஸ்டீவ் கேரலும் சேர்ந்து எழுதியது. பச்சையான வசனத்துக்குப் பேர்போன படம்தான், ஆனால் எல்லோருக்கும் நினைவில் நிற்பது நெஞ்சு முடியை வேக்ஸ் (மெழுகு) வைத்துப் பிடுங்கும் காட்சி. அங்கே ஒட்டு முடி கிடையாது. கேரல் தன் சொந்த முடியைக் கொடுத்தார். பிடுங்கிய முடி மறுநாள் முளைத்து வராதே, அதனால் இரண்டாவது டேக்குக்கு வழியே இல்லை. ஐந்து கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். பால் ரட், சேத் ரோகன், ரோமனி மால்கோ மூவரும் சிரித்து நெளிவது அந்த நிமிடத்தில் தானாக வந்தது. கேரல் கத்தும் வசைகளுக்கு நடுவே பாடகி கெல்லி கிளார்க்சன் பெயர் வந்து விழுவதைக் கவனியுங்கள். வெறும் கெட்ட வார்த்தையாக அடுக்கியிருந்தால் மூன்றாவது மெழுகுப் பட்டையைப் பிடுங்கும்போதே அலுத்திருக்கும்.

*

மேலே வேக்ஸிங் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. படத்தைப் பார்த்துவிட்டு நண்பனை உட்கார வைத்து இதைச் செய்யாதீர்கள். முடி சுமார் 6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதைவிட நீளமாக இருந்தால் முதலில் ட்ரிம்மர் போட வேண்டும். நீள முடியில் மெழுகு சிக்கிக்கொண்டு தோலையும் சேர்த்து இழுக்கும். மெழுகை முடி வளரும் திசையில் தடவி, ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்து, எதிர்த்திசையில் தோலை ஒட்டியே படுக்கை வசமாக இழுக்க வேண்டும். மேல் நோக்கித் தூக்கினால் முடி வேரோடு வராமல் பாதியில் ஒடியும். பிறகு உள்ளுக்குள் சுருண்டு வளர்ந்து கொப்புளமாகும். முகப்பரு மருந்தாக ரெட்டினாய்டு க்ரீம் தடவிவரும் இடத்தில் வேக்ஸ் வைக்கவே கூடாது, தோல் உரிந்துவிடும். முலைக்காம்பின் மேல் மெழுகு படவே வேண்டாம்.

*

வசனம் எப்படி இவ்வளவு இயல்பாக இருக்கிறது என்பதற்கு என் பதில்: நடிகர்களைச் சொந்தமாகப் பேசவிட்டதுதான். அதைக் கேட்க எளிது, செய்யக் கடினம். படம் பிடித்தது 35 மில்லிமீட்டர் ஃபிலிமில். 1000 அடிச் சுருள் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இருவர் மாறி மாறி வாய்க்கு வந்ததைப் பேசும்போது ஒரே கேமரா வைத்தால், ஒருவர் சொன்ன புது வசனத்துக்கு மற்றவர் முகம் எப்படி மாறியது என்ற பதிவே இருக்காது. திரும்பச் சொல்லச் சொன்னால் சிரிப்பு செத்துப்போகும். எனவே இந்த வகைப் படங்களில் எதிரெதிராக இரண்டு கேமரா வைப்பார்கள். சிரமம் ஒளியமைப்பில்தான்: இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழகாக ஒளியூட்ட முடியாது, கொஞ்சம் தட்டையாகத்தான் தெரியும்.

*

மேலே சொன்னதெல்லாம் தொழில்நுட்பத்திலேயே நின்றுவிட்டது. படத்தின் பலம் அந்த மூன்று நண்பர்களின் அறிவுரை. சீட்டாட ஆள் குறைகிறதே என்றுதான் ஆண்டியைக் கூப்பிடுகிறார்கள். அங்கே பெண்ணின் மார்பை மணல் மூட்டையோடு ஒப்பிட்டு, தனக்கு அனுபவமே இல்லை என்று அவன் மாட்டிக்கொள்கிறான். அதன்பிறகு மூவரும் சொல்லும் வழி ஒவ்வொன்றும் அவரவர் ஓட்டையிலிருந்து வருகிறது. காதலிக்குத் துரோகம் செய்யும் ஜே (ரோமனி மால்கோ), போதையில் இருக்கும் பெண்ணைத் தேடு என்கிறான். அந்தப் பெண் கண்மண் தெரியாமல் கார் ஓட்டி, கடைசியில் ஆண்டி மேலேயே வாந்தி எடுக்கிறாள். விட்டுப்போன காதலியை மறக்க முடியாத டேவிட்டிடம் (பால் ரட்) புலம்பல்தான் மிச்சம். கேல் (சேத் ரோகன்) சொன்ன 'கேள்வி மட்டும் கேள்' என்பது புத்தகக் கடையில் பலிக்கிறது, ஏனென்றால் அப்போது ஆண்டி வாயை மூடிக்கொண்டு அங்கே வேலை செய்யும் பெண் பேசுவதைக் கேட்கிறான்.

இந்த வகைப் படம் எடுக்க நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: நாயகனைக் கேலிப்பொருளாக்கிவிட்டு, கடைசிக் கால் மணி நேரத்தில் அவன்மேல் பாசம் வர வேண்டும் என்பார்கள். வராது. ஆண்டி தன் பொம்மைகளைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருப்பதும், சைக்கிளில் வேலைக்குப் போவதும் ஆரம்பத்திலேயே அன்போடு காட்டப்படுகின்றன. அதே சைக்கிளில்தான் தன் காதலி டிரிஷின் காரை விரட்டிப் போய், விளம்பரப் பலகை ஏற்றிய லாரியில் மோதிப் பலகையைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் விழுகிறான். தனக்கு அனுபவமே இல்லை என்ற உண்மையை அவளிடம் சொல்வது அந்தச் சாலையில் கிடந்தபடிதான்.

ஒரே குறை, 'நீ கே (ஓரினச்சேர்க்கையாளன்) என்று எனக்கு எப்படித் தெரியும், தெரியுமா' என்று டேவிட்டும் கேலும் மாறி மாறிச் சொல்லும் இடம். இன்றைக்குப் பார்த்தால் உறுத்துகிறது. கதையில் அதற்கு வேலையும் இல்லை, வெட்டியிருந்தாலும் எதுவும் குறைந்திருக்காது.