அம்பாசடர் 1489 பெட்ரோல்: ஆயில் ஒழுக்குக்கு இன்ஜினை இறக்கலாமா?

மார்க்4_கோவை:
வணக்கமுங்க. வண்டி 1986 மார்க் 4, பழைய 1489 சிசி பெட்ரோல். அப்பா வாங்கினது. இழுவையில குறையில்லை, சைலன்சர்ல புகை இல்லை. ஆயில் ஒழுக்குதான் தீர மாட்டேங்குது. ஒண்ணு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துக்குக் கீழ சொட்டுது. இன்னொண்ணு, மேனிஃபோல்டு (புகை வெளிய போற குழாய்த் தொகுதி) பக்கம் பிளாக் முழுக்க நனைஞ்சு கிடக்கு, ஓட்டிட்டு வந்து நிறுத்தினா எரிஞ்ச வாடை. டேப்பெட் கவர் (இன்ஜின் தலை மேல இருக்கற மூடி) பேக்கிங்கும் சேம்பர் (அடியில ஆயில் தேங்கற தொட்டி) பேக்கிங்கும் போன வருஷம் மாத்தினோம். கொஞ்ச நாள் காய்ஞ்சு இருந்துச்சு, திரும்ப ஆரம்பிச்சிருச்சு. இப்பப் பார்க்கற மெக்கானிக், "பின் ஆயில் சீல் போச்சு, இன்ஜின் இறக்கணும், இறக்கறதுதான் இறக்கறோம், ரிங் பேரிங் எல்லாம் போட்டுரலாம்"ங்கறார். என்ன பண்ணலாமுங்க?

பட்டறைக்காரன்:
இறக்கிடுங்க சார். வருஷா வருஷம் பேக்கிங் மாத்தற காசுக்கு ஒரே தடவை முழுசா பார்த்துரலாம். கிட்டத்தட்ட நாப்பது வருஷ இன்ஜின். மெயின் பேரிங் தேயாம இருக்குமா? வெளிய இருந்து துடைச்சுத் துடைச்சு ஒட்டறதெல்லாம் வேலையை ஆறு மாசம் தள்ளிப் போடறதுதான்.

லேத்_தம்பி:
எந்த சீல்? அந்த இன்ஜின்ல கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடற தண்டு) பின்னாடி ரப்பர் சீலே கிடையாதுங்க அண்ணா. கிராங்கோட பின்பக்கம் திருகுமரை வெட்டியிருக்கும். கிராங்க் சுத்தும்போது அந்த மரை, வெளிய வர்ற ஆயிலைத் திருப்பி உள்ள தள்ளும். மரைக்கும் சுத்தி இருக்கற ஹவுசிங்குக்கும் நடுவுல நூலளவு இடைவெளி, ரெண்டும் தொடாது. அதனால இன்ஜினை நிறுத்தினதும் மரையில மிச்சம் இருக்கற ஆயில் நாலு சொட்டு விழத்தான் செய்யும். இதே 1489 இன்ஜின்தான் எம்ஜிஏங்கற பழைய பிரிட்டிஷ் கார்லயும். அதுக்கு அடுத்து வந்த எம்ஜிபிக்கு 1964 கடைசியில அஞ்சு பேரிங் கிராங்க் வந்தப்பத்தான் பின்னாடி சீல் போட்டாங்க. நம்ம வண்டி கடைசி வரைக்கும் மூணு பேரிங், மரைதான். அந்த மெக்கானிக் எந்த சீலை மாத்தப் போறார்னு கேட்டுப் பாருங்க.

பட்டறைக்காரன்:
தம்பி, சீல்னு சொன்னாலும் மரைன்னு சொன்னாலும் வண்டிக்காரருக்கு ஒழுகறது நிக்கணும். மெயின் பேரிங் தேய்ஞ்சா கிராங்க் கீழ இறங்கும், நீங்க சொன்ன நூலளவு இடைவெளி ஒரு பக்கம் கூடும். அதை வெளிய இருந்து எப்படிச் சரி பண்ணுவீங்க? இறக்கித்தான் ஆகணும்.

உத்தரபாரா_ரசிகன்:
இறக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ப்ரீதரை, அதான் இன்ஜின் மூச்சு விடற பைப்பை, யாராவது தொட்டுப் பார்த்தாங்களா?

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எப்பவும் கொஞ்சம் கேஸ் கீழ இறங்கும். புது இன்ஜின்லயும் இறங்கும். அது வெளிய போக இந்த இன்ஜின்ல ரெண்டு வழி: டேப்பெட் கவர்ல இருந்து ஏர் கிளீனருக்குப் போற ஹோஸ், பிளாக்கோட பக்கவாட்டுல இருக்கற முன் சைடு கவர்ல இருந்து கீழ இறங்கற பைப். ரெண்டும் அடைச்சா உள்ள அழுத்தம் ஏறும், ஏறினா பலவீனமான இடம் பார்த்து ஆயிலைத் தள்ளும். மரைக்கு ஆயிலைத் திருப்பற பலம் ரொம்பக் கம்மி. அழுத்தம் வந்தா அது தோத்துப் போகும். புது பேக்கிங் போட்டுக் கொஞ்ச நாள்ல மறுபடி ஒழுகுதுன்னா எனக்கு முதல் சந்தேகம் பேக்கிங் மேல இல்லை, இது மேலதான்.

இன்ஜின் சூடா, ஐட்லிங்ல ஓடறப்ப ஆயில் மூடியைக் கழட்டிச் சும்மா மேல வெச்சுப் பாருங்க. லேசா நடுங்கினா சரி. குபுகுபுன்னு புகையோட தூக்கியடிச்சா பேக் கம்ப்ரஷன், அதாவது உள்ள அழுத்தம் ஏறியிருக்கு. ரெண்டு பைப்பையும் கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவி, மறுபடி அதே சோதனை. செலவு ஒரு ஞாயித்துக்கிழமை காலை.

பட்டறைக்காரன்:
ப்ரீதர் கழுவறதை வேண்டாங்கலை. ஆனா பேக் கம்ப்ரஷன் வந்தாலே ரிங் தேய்ஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? சுத்தி வந்து என்கிட்டதான் நிக்கறீங்க.

உத்தரபாரா_ரசிகன்:
இல்லை. வழி அடைச்சதால அழுத்தம் ஏறறது வேற, வழி திறந்திருந்தும் ஏறறது வேற. முதல் கேஸ்ல பைப் கழுவினாப் போதும். ரெண்டாவதுன்னா கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கணும். காய்ஞ்சபடி ஒரு தடவை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு தடவை. ஆயில் விட்டதும் ரீடிங் நல்லா ஏறினா ரிங். அப்ப நீங்க இறக்கலாம், நானே வந்து செயின் பிடிக்கறேன். டெஸ்டே பண்ணாம இறக்கச் சொல்றதைத்தான் எதிர்க்கறேன்.

சொட்டு_கணக்கு:
ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் கணக்குச் சொல்றேன். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி. ராத்திரிக்கு 20 சொட்டுன்னா வருஷத்துக்கு அரை லிட்டர் கூட வராது. கீழ ஒரு தகரத் தட்டு வெச்சா முடிஞ்சது. தரையில பரவற கறையைப் பார்த்துப் பயப்படக் கூடாது. 20டபிள்யூ-50ல இருந்து இன்னும் கெட்டியான ஆயிலுக்கு மாறுங்க, கசிவை நிறுத்தற அந்த டப்பா மருந்தையும் ஒண்ணு ஊத்துங்க.

லேத்_தம்பி:
கணக்கு சரி, மருந்து தப்பு. அந்த டப்பா மருந்து ரப்பர் சீலை ஊற வெச்சு உப்ப வைக்கறதுக்கு. பின்னாடி இருக்கறது இரும்பு மரை, சைடு கவர்ல இருக்கறது கார்க். எதை உப்ப வைக்கும்? ரொம்பக் கெட்டி ஆயில் போட்டா காலையில ஸ்டார்ட் பண்ணினதும் மேல ராக்கர் வரைக்கும் ஆயில் ஏற நேரம் எடுக்கும், தேய்மானம்தான் மிச்சம். 20டபிள்யூ-50லயே இருங்க.

சொட்டு_கணக்கு:
என் வண்டிக்கு ஊத்தினேன், நின்னுச்சு. புத்தகம் என்ன சொன்னா எனக்கென்ன.

லேத்_தம்பி:
முன்னாடி டைமிங் கவர்ல சீல் இருக்கு, அங்க ஒழுகியிருந்தா நின்னிருக்கும். இவருக்கு ஒழுகறது அங்க இல்லையே.

மார்க்4_கோவை:
மேனிஃபோல்டு பக்க ஒழுக்கைப் பத்தி யாரும் சொல்லலீங்க. வாடைதான் வீட்டுல பெரிய பிரச்சனை, பொண்ணு வண்டியில ஏற மாட்டேங்குது.

உத்தரபாரா_ரசிகன்:
அதுதான் எனக்கும் முக்கியமாப் படுது. பின்னாடி சொட்டறது தரையை நாசம் பண்ணும், அவ்வளவுதான். சூடான எக்ஸாஸ்ட் கிட்ட ஆயில் இருக்கறது ஆபத்து.

அந்தப் பக்கம் மேனிஃபோல்டுக்குக் கீழ ரெண்டு தகர சைடு கவர் இருக்கு, உள்ள டேப்பெட் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே போல்ட், சுத்தியும் கார்க். ஒழுகுதேன்னு அந்த போல்டை இறுக்குவாங்க. இறுக்கினா நடுவுல குழிஞ்சு ஓரம் தூக்கிக்கும், இன்னும் ஒழுகும். மறுபடி இறுக்குவாங்க. பின் கவர் மேனிஃபோல்டுக்குப் பின்னாடி மறைஞ்சு இருக்கறதால அதைக் கழட்டச் சோம்பல்பட்டு, மேல டேப்பெட் கவரை மட்டும் மாத்திட்டு விட்டிருப்பாங்க. உங்க பில்லைப் பாருங்க, சைடு கவர் பேக்கிங்னு இருக்கா?

இன்னொண்ணு. அங்க கசியற ஆயில் பிளாக் வழியா இறங்கி, ஓடற காத்துல பின்னாடி தள்ளப்பட்டு, சரியா பெல் ஹவுசிங் (கிளட்சை மூடற கூடு) அடியிலதான் வந்து சொட்டும். நீங்க சொல்ற ரெண்டு ஒழுக்கும் ஒரே ஒழுக்கா இருக்கலாம். முழுக்க டீசல் போட்டுக் கழுவிக் காய வெச்சு, முகத்துக்குப் போடற பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. ஆயில் வந்த தடம் பவுடர்ல கோடா தெரியும். (வீட்டுல கேட்டுட்டு எடுங்க.)

பட்டறைக்காரன்:
சைடு கவர் விஷயம் உண்மை, மறுக்கலை. ஆனா மேனிஃபோல்டு கழட்டினா அதைப் பிடிச்சிருக்கற பழைய ஸ்டட் (மரை வெட்டின கம்பி) நாலுல ஒண்ணு முறியும். அப்புறம் ட்ரில் பண்ணி எடுக்கணும், ஹெட் கழட்டணும்... தலைவலி போய் திருகுவலி. வெளிய நின்னு சொல்றவங்களுக்கு இது தெரியாது. எங்களுக்குத்தான் கஸ்டமர் கிட்டப் பதில் சொல்லணும்.

லேத்_தம்பி:
முதல் நாளே ஸ்டட் எல்லாத்துக்கும் துரு இளக்கற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க, லேசா வெதுவெதுப்பா இருக்கறப்ப ஒரு தடவை அடிங்க. முறியறது குறையும். அப்படியும் முறிஞ்சா அது இன்ஜின் இறக்கறதைவிடச் சின்ன வேலைதான் அண்ணா.

மார்க்4_கோவை:
பார்த்துட்டேனுங்க. பில்லுல சைடு கவர் இல்லவே இல்லை. ஆயில் மூடி நல்லாவே தூக்கியடிச்சுது. கீழ இறங்கற பைப்பைக் கழட்டினா உள்ள தார் மாதிரி அடை, கம்பி விட்டுக் குத்தித்தான் எடுத்தேன். கழுவி மாட்டின பிறகு மூடி லேசா ஆடுது, தூக்கலை. பவுடர் தடம் பின் சைடு கவர்ல இருந்து கீழ போகுது. ஆனா ஹவுசிங் அடியிலயும் தனியா ஒரு சொட்டு வருது.

பட்டறைக்காரன்:
பாருங்க, தனியா வருதுங்கறார்.

லேத்_தம்பி:
வண்டி எப்படி நிக்குது? போர்ட்டிகோ சாய்வுல மூக்கு மேல தூக்கி நின்னா ஆயில் எல்லாம் பின்னாடி தேங்கும், மரை வழியா சொட்டும். திருப்பி, ரிவர்ஸ்ல ஏத்தி நிறுத்திப் பாருங்க. ஆயில் அளவும் சமதரையில பார்த்து மேல் கோட்டைத் தாண்டாம வைங்க. சொட்டற ஆயில் கறுப்பா, இல்லை தெளிவான்னும் பாருங்க. தெளிவா இருந்தா அது கியர்பாக்ஸோடது. அந்தக் காலத்து மோரிஸ் மைனர்ல பெல் ஹவுசிங் அடியில ஓட்டை போட்டு ஒரு ஸ்பிளிட் பின்னை ஆட விட்டிருப்பாங்க, கசியற ஆயில் கிளட்சுக்குப் போகாம வெளிய விழணும்னே. உங்க வண்டியிலயும் இருந்தா அடைப்பு எடுத்து விடுங்க. கிளட்ச் ஸ்லிப் ஆகாத வரைக்கும் நான் அந்தப் பக்கம் கை வைக்க மாட்டேன்.

பட்டறைக்காரன்:
கிளட்ச் ஸ்லிப் ஆனா?

லேத்_தம்பி:
ஆனா கிளட்சுக்குன்னே கியர்பாக்ஸ் கழட்டணும். அப்ப பின் பிளேட் பேக்கிங்கையும் பாருங்க, கிராங்க் ஆட்டத்தையும் அளங்க. ஆட்டம் அதிகம்னா நீங்க சொன்ன மாதிரி இறக்குங்க. எம்ஜிஏ வண்டிக்கு ரப்பர் சீல் மாத்தற கிட் இங்கிலாந்துல விக்கறாங்க. அம்பாசடர்ல அப்படியே உட்காருமான்னு அளந்து பார்க்காம வாங்காதீங்க.

பட்டறைக்காரன்:
சரி, சைடு கவரை முதல்ல முடிங்க. கிளட்ச் பத்தின என் கருத்து மாறலை, ஒரு வருஷத்துல இறக்குவீங்க. கவர் மாட்டறப்ப நசுங்கின ஓரத்தைக் கட்டை மேல வெச்சுத் தட்டி நேராக்குங்க. கார்க்கை கவர் பக்கம் மட்டும் ஒட்டுங்க, பிளாக் பக்கம் சும்மா விடுங்க. சிலிக்கான் பேஸ்டை அப்பாதீங்க. உள்ள பிதுங்கி உதிர்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னர்ல (சல்லடையில) போய் அடைக்கும், அதை நானே சேம்பர் திறந்து எடுத்திருக்கேன். போல்ட் கார்க் லேசா அழுங்கற வரைக்கும் போதும்.

மார்க்4_கோவை:
நன்றிங்க. கார்க் உக்கடத்துல கிடைக்குமுங்களா?

உத்தரபாரா_ரசிகன்:
உக்கடத்துல கேளுங்க. இல்லைன்னா பழைய கவரையே அச்சா வெச்சுக் கார்க் ஷீட்ல வெட்டிக்கலாம். அதோட மேனிஃபோல்டு பேக்கிங், போல்டுக்கு அடியில போடற வாஷர், ரெண்டு புது ஸ்டட், எல்லாத்தையும் கையில வாங்கி வெச்சுட்டு அப்புறம் ஸ்பானரை எடுங்க. பாதி கழட்டிட்டு சனிக்கிழமை சாயந்திரம் கடை தேடி அலையாதீங்க.