‘அபண்டன்ஸ்’: மிகுதியா, வளமா, இருப்பளவா?

வணக்கம்.

அபண்டன்ஸ் (abundance) என்ற ஆங்கிலச் சொல்லை அறிவியல் தமிழில் எப்படிச் சொல்வது? இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் யுரேனியம்-235 என்ற வகையின் பங்கை “இயற்கை மிகுதி 0.72 விழுக்காடு” என்று எழுதினால் படிப்பவர் தடுக்கி விழுவார். நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாதது எப்படி மிகுதியாகும்? அபண்டன்ஸுக்கு மிகுதி, ஏராளம், வளம் என்று அகராதிகள் சொல்வது பொதுப்பேச்சுக்குச் சரி. வேதியியலிலும் சூழலியலிலும் அந்தச் சொல் ‘நிறைய’ என்று சொல்வதில்லை; ‘எவ்வளவு’ என்று மட்டுமே சொல்கிறது.

‘வளம்’ இன்னும் வம்பு. இயற்கை வளம் என்றாலே காடு, நீர், கனிமம் என்று ரிசோர்ஸின் பொருள் வந்து உட்கார்ந்துவிடும். “கார்பன்-13இன் இயற்கை வளம் 1.1 விழுக்காடு” என்பதைப் பார்த்தால் எங்கோ சுரங்கம் தோண்டுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

என் பரிந்துரை: இருப்பளவு. சொற்றொடரில் வைத்துப் பாருங்கள்: குளோரின்-35இன் இயற்கை இருப்பளவு ஏறத்தாழ 76 விழுக்காடு, குளோரின்-37இன் இருப்பளவு 24. ‘குறைந்த இருப்பளவு’ இயல்பாக ஒலிக்கிறது. ‘குறைந்த மிகுதி’ முரணாக நிற்கிறது. புவியோட்டில் இருப்பளவு மிக்க தனிமம் ஆக்சிஜன் என்றும் எழுதலாம். ஒன்றை மட்டும் விடக்கூடாது: எதை வைத்துக் கணக்கிட்டது என்பது. அண்டத்தில் ஹைட்ரஜன் அணு எண்ணிக்கைப்படி சுமார் 92 விழுக்காடு, நிறைப்படி சுமார் 74. அணுவழி இருப்பளவு, நிறைவழி இருப்பளவு என்று முன்னொட்டு போட்டுவிட்டால் குழப்பமில்லை.

சூழலியலில் ரிச்னெஸும் (எத்தனை இனங்கள்) அபண்டன்ஸும் (எத்தனை உயிரிகள்) அருகருகே வருவதால் இரண்டையும் ‘செழுமை’ என்று மொழிபெயர்த்தால் பாடமே சிதையும். இரண்டு குளங்கள், ஒவ்வொன்றிலும் 5 இனங்களில் 100 மீன்கள் என்று கொள்வோம். முதலாவதில் இனத்துக்கு 20. இரண்டாவதில் ஓர் இனத்தில் 96, மற்ற நான்கில் ஒவ்வொன்று. இனச்செழுமை இரண்டிலும் 5, மொத்த இருப்பளவு இரண்டிலும் 100. மாறுவது ஈவன்னெஸ்தான், அதாவது இனங்களுக்குள் எண்ணிக்கை எவ்வளவு சமமாகப் பிரிந்திருக்கிறது என்பது. முழுச் சமத்துக்கு 1 தரும் ஷானன் முறைப்படி முதல் குளத்தில் 1, இரண்டாவதில் 0.14. இதற்குச் ‘சமப்பரவல்’ என்று வைக்கலாம்.

---

> ‘குறைந்த மிகுதி’ முரணாக நிற்கிறது

ஐயா, உயரம் என்பதும் உயர்தலிலிருந்து வந்ததுதானே? ‘குறைந்த உயரம்’ நமக்கு உறுத்துவதில்லை. பழகினால் மிகுதியும் அப்படியே ஆகிவிடாதா? இருப்பு என்றால் கணக்குப் புத்தகத்தின் ஸ்டாக் நினைவுக்கு வருகிறதே. கணிதத்தில் அபண்டன்ட் எண்ணை என்ன செய்வீர்கள், ‘இருப்பளவு எண்’ என்றா?

---

உயரம் பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் உயரத்துக்கு வேறு வேலை இல்லை, மிகுதிக்கு உண்டு. ஈழ வழக்கில் மிகுதி என்றால் எஞ்சியது, பாக்கி. “மாதிரியில் மிகுதி எவ்வளவு?” என்ற கேள்வியை அங்குள்ள மாணவர் வேறாகப் புரிந்துகொள்வார். கணக்குப் புத்தகத்துக்குக் கையிருப்பு, சரக்கிருப்பு என்று கூட்டுச்சொற்கள் இருப்பதால் மோதல் சிறியதுதான்.

எண்ணுக்கு இருப்பளவு பொருந்தவே பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். 12இன் தகு வகுத்திகளான (அந்த எண்ணைத் தவிர அதை மீதியின்றி வகுப்பவை) 1, 2, 3, 4, 6 கூடி 16 ஆகின்றன. எண்ணையே தாண்டி 4 கூடுதல். அபண்டன்ட் எண் என்பது இதுதான், அது மிகையெண். 8க்கு 1, 2, 4 கூடி 7தான், குறையெண். ஒற்றைப்படையில் மிகச்சிறிய மிகையெண் 945, அதன் தகு வகுத்திகளின் கூட்டல் 975. இங்கே ஓர் எல்லை இருக்கிறது, அதைத் தாண்டுவதே மிகை. ‘உடம்பும் மிகை’ என்று குறள் சொல்வதும், நூற்குற்றங்களில் ‘மிகைபடக் கூறல்’ இடம்பெறுவதும் இந்தப் பொருளில்தான்: வேண்டிய அளவுக்கு மேற்பட்டது. ஆகவே வேதிவினையில் எக்ஸஸாகச் சேர்க்கும் வினைபொருளும் மிகை வினைபொருளே.

சர்ப்ளஸை இதோடு கலக்க வேண்டாம். செலவு போக நிற்பது உபரி. அதில் குறை சொல்லும் தொனி கிடையாது. உபரி பட்ஜெட் என்றால் மகிழ்வார்கள், மிகை பட்ஜெட் என்றால் திகைப்பார்கள். விற்காமல் குவிந்து விலையைச் சாய்க்கும் கிளட்டுக்குத் தேக்கம்.

ரிடன்டன்சிதான் (ஒரே வேலைக்கு ஒன்றுக்கு மேல் இருப்பது) இன்னும் பிடிபடவில்லை. தகவலியலில் ‘மிகைமை’ ஓடுகிறது. ஆனால் ஒரு பம்பு நின்றால் அடுத்தது ஓட வேண்டுமென்று திட்டமிட்டு வைத்த இரண்டாம் பம்பை மிகை என்றால், தேவையில்லையென்று யாராவது கழற்றிவிடுவார்கள். ‘மாற்றேற்பாடு’ என்பது சரிவருமா?