கழுத்து ஸ்கேன் முகாம் தேவையா? தைராய்டு கட்டியும் பிளாஸ்டிக்கும்

வைகைக்கரையான்:
எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் எல்லோருக்கும் இலவசக் கழுத்து ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள். நான்தான் யோசனை சொன்னேன். பிளாஸ்டிக், நான்ஸ்டிக், பூச்சிக்கொல்லி என்று ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்கள் பெருகிய அதே காலத்தில்தான் தைராய்டு புற்றுநோயும் பல நாடுகளில் ஏறியிருக்கிறது. இதைத் தற்செயல் என்பீர்களா?

நாடிபார்ப்பவன்:
தற்செயல் இல்லை, ஸ்கேன்தான் காரணம். தென்கொரியாவில் 1999க்குப் பிறகு அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு சேர்த்து, கொஞ்சம் கூடுதல் காசுக்குக் கழுத்தையும் பார்த்தார்கள். 2011இல் தைராய்டு புற்றுநோய் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. சாவு எண்ணிக்கை? அசையவே இல்லை. காலம் முழுக்கத் தொந்தரவு தராமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, ஆயுளுக்கும் மாத்திரை விழுங்குகிறார்கள்.

வைகைக்கரையான்:
கொரியாவையே எத்தனை நாள் சொல்வீர்கள்? அமெரிக்காவில் 1994 முதல் 2013 வரை பெரிய கட்டிகளும் கூடின, சாவு விகிதமும் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் ஏறியது. ஸ்கேன் மட்டுமே காரணம் என்றால் சாவு ஏன் கூட வேண்டும்?

நாடிபார்ப்பவன்:
நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு உடல் பருமன் உட்பட வேறு காரணங்களும் இருக்கலாம். நேரே பிளாஸ்டிக்குக்குத் தாவுவது எப்படி? இந்த ரசாயனங்களால் எலிக்குத் தைராய்டில் கட்டி வந்தது என்று அடுத்து எழுதப் போகிறீர்கள், தெரியும். தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் ஹார்மோன் எலியின் ரத்தத்தில் ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும், நமக்கு ஒரு வாரம் போல ஆகும். அதனால் கல்லீரல் அந்த ஹார்மோனைக் கொஞ்சம் வேகமாகக் கழித்தாலே மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி, எலியின் தைராய்டை ஓயாமல் வேலை செய்யச் சொல்லி விரட்ட ஆரம்பித்துவிடும், அதில்தான் கட்டி வருகிறது. நாம் அவ்வளவு எளிதில் அந்த நிலைக்குப் போவதில்லை.

தேன்மொழி:
இருவரும் தைராய்டிலேயே நிற்கிறீர்கள். ஆண்களின் விரையும் ஹார்மோன் சுரக்கும் நாளமில்லாச் சுரப்பிதான். அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க் பக்கம் டெஃப்லான் என்ற நான்ஸ்டிக் பூச்சு தயாரிக்கும் ஆலையிலிருந்து சி8 என்ற ரசாயனம் குடிநீரில் கலந்தது. சுமார் 69,000 பேரிடம் ரத்தம் எடுத்து ஆராய்ந்தார்கள். 2012இல் அறிவியல் குழு விரைப் புற்றுநோய்க்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்றது. தைராய்டு நோய்க்கும் அப்படியே சொன்னது, தைராய்டு புற்றுநோய்க்குச் சொல்லவில்லை. 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சி8ஐ மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. இதையும் எலிக்கதை என்பீர்களா அண்ணா?

நாடிபார்ப்பவன்:
சொல்ல மாட்டேன். அங்கே ரசாயனம் எது, வந்த வழி எது என்று தெரியும், ரத்தத்தில் அளந்தும் காட்டினார்கள். வைகைக்கரையான் சொல்வதில் அதில் ஒன்றாவது இருக்கிறதா?

வைகைக்கரையான்:
அளக்காதவரை இருக்காதுதான். நம் ஊரில் யார் அளக்கிறார்கள்?

தேன்மொழி:
அப்படியானால் சங்கத்தின் காசைத் தண்ணீர்ப் பரிசோதனைக்குப் போடுங்கள். கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறவர்கள், குரல் மாறியவர்கள், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள் மருத்துவரிடம் போகட்டும். மற்றவர்களை ஏன் வரிசையில் நிறுத்த வேண்டும்?

வைகைக்கரையான்:
தண்ணீரைச் சோதிக்கலாம், சரி. முகாமைக் கைவிடச் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இரண்டையும் வைக்கிறேன், அங்கே முடிவாகட்டும்.