தாமிரபரணி 2023 வெள்ளம்: அணை திறப்பா, அடைமழையா?

பொருநைக்கரை:
2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியதற்கு அணை நீரை முன்கூட்டியே சிறுகச் சிறுகத் திறக்காததுதான் காரணம் என்கிறேன். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் தண்ணீர்தான் நெல்லை சந்திப்புவரை ஊரை மூழ்கடித்தது.

கரிசல்மண்:
அண்ணாச்சி, 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்த மழை எந்த அணைக்குள் விழுந்தது? மூன்று ஊர்களும் அணைகளுக்கு வெகு கீழே இருக்கின்றன. 100 சதுர கி.மீ. பரப்பில் 60 செ.மீ. பெய்தால் 6 கோடி கன மீட்டர், அதாவது 2 டி.எம்.சி.க்கு மேல் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). மணிமுத்தாறு அணையின் முழுக் கொள்ளளவே சுமார் 5.5 டி.எம்.சி.தான்.

பொருநைக்கரை:
கணக்கை ஏற்கிறேன். ஆனால் சமவெளியில் பெய்த மழை நிதானமாகத்தானே ஓடும்? ஆறு அவ்வளவு வேகமாக ஏறியதே, அது மலைத் தண்ணீர் இல்லையா?

கரிசல்மண்:
மாஞ்சோலை மலைப் பக்கமும் அன்று கொட்டித் தீர்த்தது, மறுக்கவில்லை. அகத்தியமலைச் சரிவு செங்குத்து. அங்கே விழுந்த மழை சில மணி நேரத்தில் அடிவாரத்துக்கு வந்துவிடும். ஆனால் சமவெளி எப்போதும் நிதானமாக ஓடும் என்பதை ஏற்க மாட்டேன். காய்ந்த கரிசல் தன் வெடிப்புகளில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நனைந்து உப்பியதும் வெடிப்பு மூடிவிடும். அதன்பின் விழும் மழை பெரும்பாலும் மேலோடியே போகும். டிசம்பர் பாதியில், பருவமழை நனைத்து வைத்த மண்ணில், வேறென்ன நடக்கும்? திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல், அதாவது செம்மணல் மேடு, நிறையக் குடிக்கும்தான், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு.

குளத்தங்கரை:
இருவருமே குளங்களை மறந்துவிட்டீர்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் என்ற வாய்க்கால்கள் வழியே குளத்துக்குக் குளம் தண்ணீர் போகிறது. மேல்குளம் நிரம்பி, மிகுந்த நீர் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம் வாங்கிக்கொள்ளும். கரை உடைந்தாலோ, தேங்கிய நீர் மொத்தமும் ஒரே மூச்சில் அடுத்த கரையில் மோதும். நாள் முழுக்கப் பெய்த மழை அரை மணி நேர வெள்ளமாக மாறுவது அங்கேதான். செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியது நினைவிருக்கிறதா? அந்தப் பாதையில் ஜல்லியை வெள்ளம் அரித்துச் சென்று, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மறுகால் ஓடையில் சீமைக்கருவேலம் அடைத்து நின்றால் தண்ணீர் கரையைத்தான் தேடும்.

பொருநைக்கரை:
சரி, குளங்களும் காரணம். அதற்காக அணையை விட்டுவிட முடியாது. பிசான நெல் சாகுபடிக்கென்று நீரைத் தேக்கும் பருவம் அது. வெள்ளத்துக்கென அணையில் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள் என்றால் விவசாயிகளும் அதிகாரிகளும் தயங்குகிறார்கள்.

கரிசல்மண்:
இடம் ஒதுக்கினால் நெல்லை சந்திப்புக்கு நல்லது, நானும் ஆதரிப்பேன். ஏரலுக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் அது போதாது. சிற்றாறு சீவலப்பேரியில் வந்து சேர்கிறதே, அந்தத் தண்ணீரைப் பாபநாசம் அணை எப்படிப் பிடிக்கும்? அணைக்குக் கீழே உள்ள ஓடைகளிலும் குளங்களிலும் மணிக்கொரு முறை நீர்மட்டம் அளந்து ஊர்களுக்குச் சொல்லும் ஏற்பாட்டை முதலில் கேளுங்கள்.

பொருநைக்கரை:
இரண்டையும் சேர்த்தே கேட்பேன். டிசம்பரில் அணையை விளிம்புவரை நிரப்புவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.