பளிங்குப் பாறையில் காந்த விகிதம் 11 வரை ஏறுகிறது: இதைத் திரிபு என்று கொள்ளலாமா?

செந்தூல் மாணவி:
வணக்கம். பாறை எவ்வளவு நசுங்கி உருமாறியிருக்கிறது (திரிபு) என்பதைக் காந்த ஏற்புத்திறனின் திசைமாறுபாட்டைக் கொண்டு, அதாவது காந்தப்புலத்தில் பாறை காந்தமாகும் அளவு திசைக்குத் திசை மாறுவதைக் கொண்டு, அளக்க முயல்கிறேன். கோலாலம்பூர்ப் பகுதிப் பாறைத்தொகுதியான கென்னி ஹில் அமைப்பைச் சேர்ந்த ஃபில்லைட் (களிப்பாறை உருமாறிய தகட்டுப்பாறை) துண்டுகளில் பெரும ஏற்புத்திறனைச் சிறுமத்தால் வகுத்தால் 1.04 முதல் 1.09 வரை வருகிறது. அதில் சிக்கல் இல்லை. ஆனால் கிரானைட்டின் வெப்பத்தால் பளிங்காகிவிட்ட கோலாலம்பூர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து எடுத்த 18 துண்டுகளில் (25 மி.மீ. விட்டம், 22 மி.மீ. உயரம்) அதே விகிதம் 1.2, 3.7, 11 என்று தாறுமாறாக ஏறுகிறது. சிலவற்றுக்கு மென்பொருள் விடையே தரவில்லை. பளிங்கு அவ்வளவு கடுமையாக நசுங்கியது என்று எழுதலாமா?

ஆயர் ஈத்தாம்வாசி:
எழுத வேண்டாம், தங்கையே. முதலில் அத்துண்டுகளின் சராசரி ஏற்புத்திறனைப் பாருங்கள். அது சுழியை ஒட்டியே இருக்கும். பளிங்கின் முதன்மைக் கனிமமான தூய கால்சைட் டயா காந்தப் பொருள் (காந்தப்புலத்துக்கு எதிராக மெல்லக் காந்தமாவது) என்பதால் ஏறத்தாழ −13×10⁻⁶ (எஸ்.ஐ.) என்ற மதிப்பைக் காட்டும், பளிங்கில் கலந்துள்ள சிறிதளவு களிமண்ணும் மைக்காவும் பாரா காந்தப் பொருள்களாகையால் (புலத்தின் திசையிலேயே காந்தமாவதால்) அதை மேலே இழுத்துச் சுழிக்கருகே கொண்டுவந்துவிடும். 10⁻⁶ அலகில் பெருமம் 0.9, சிறுமம் 0.3 என்றால் விகிதம் 3, அதே 0.6 வேறுபாடு, சராசரி 300 உள்ள களிப்பாறையில் வெறும் 1.002. பாறை மாறவில்லை, வகுக்கும் எண்தான் சிறுத்தது. இத்துறையில் பரவலாகப் பயன்படும், யெலினெக் 1981-இல் வகுத்த விகிதமும் மடக்கையால் கணக்கிடப்படுவது. ஒரு மதிப்பு எதிர்க்குறியாகவும் மற்றொன்று நேர்க்குறியாகவும் இருந்தால் அதற்கு விடையே கிடையாது. ஆகவே பளிங்குக்கு விகிதத்தை விட்டுவிட்டு, பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள கழித்தல் வேறுபாட்டையே பயன்படுத்துங்கள். துண்டைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடியை வெறுமையாக அளந்து கழித்தீர்களா? இவ்வளவு மெலிந்த பாறையில் பிடியின் காந்தமே பாறையுடையதைப் போலத் தோன்றும்.

கிள்ளான் வாசகர்:
இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். கால்சைட்டின் முதன்மைப் படிக அச்சு வழியே மதிப்பு மிகவும் எதிர்க்குறியாக இருக்கும். குறுக்குத் திசையோடு ஒப்பிட்டால் வேறுபாடு சுமார் 1.1×10⁻⁶. நசுங்கும்போது இந்த அச்சுகள் அழுத்தத் திசையில் திரளும் என்பதால், குறியோடு வரிசைப்படுத்தினால் சிறும அச்சு (மதிப்பு மிகக் குறைந்த திசை) தகட்டுத்தளத்துக்கு, அதாவது நசுங்கலால் பாறையில் உருவான தகடு போன்ற அடுக்குத்தளத்துக்கு, செங்குத்தாக நிற்கும். குறியை நீக்கி எண்ணளவை மட்டும் எடுத்தால் பெருமமும் சிறுமமும் இடம் மாறிவிடும். இரும்பு கலந்த கால்சைட்டோ, குறியைச் சரியாக வைத்தாலும், தானாகவே தலைகீழாகக் காட்டும். என்னையும் ஒருமுறை நன்றாகவே ஏமாற்றியது.

செந்தூல் மாணவி:
இருவருக்கும் நன்றி. சராசரி −4 முதல் +3×10⁻⁶ வரைதான் இருந்தது; வெற்றுப் பிடியை நான் கழிக்கவுமில்லை. கழித்து, குறியோடு வரிசைப்படுத்திய பிறகு 14 துண்டுகளில் சிறும அச்சு தகட்டுத்தளத்துக்குச் செங்குத்தாகவே திரள்கிறது. நான்கு மட்டும் தலைகீழாக நிற்கின்றன. இவ்வேறுபாட்டைத் திரிபின் அளவாக மாற்றலாமா, அண்ணா?

ஆயர் ஈத்தாம்வாசி:
திசையை நம்பலாம், அளவை நம்ப முடியாது. வேறுபாடு கூடுவதற்குத் திரிபும் காரணமாகலாம், மைக்காவின் அளவும் காரணமாகலாம். அதே பாறையில் நசுங்கிய புதைபடிவமோ உருண்டைத் துகள்களோ கிடைத்து, அவற்றின் வடிவத்திலிருந்து திரிபைத் தனியே அளந்தால்தான் இரண்டையும் இணைக்க முடியும். அவ்விணைப்பும் அந்தப் பாறைவகைக்கு மட்டுமே பொருந்தும். பளிங்காகும்போது படிகங்கள் புதிதாக வளர்ந்து அத்தடயங்களைப் பெரும்பாலும் அழித்திருக்கும். தலைகீழான நான்கையும் நுண்ணோக்கியில் பார்க்கத்தக்க மெல்லிய வெட்டாக்கி, இரும்புள்ள கால்சைட்டா என்று சாயமிட்டுப் பாருங்கள். அதுவரை அவற்றை மற்ற 14-உடன் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டாம்.