கிளிஞ்சல் சுட்டால் பாதி எடை எங்கே போகிறது?

காளவாய்க்காரர்:
எங்களுக்குச் சுண்ணாம்புக் காளவாய் இருக்கிறது. கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டு மூட்டினால், 100 கிலோ கிளிஞ்சலுக்கு 55 கிலோ சுண்ணாம்பு தேறினாலே பெரிது. மீதி தூசியாகப் பறந்துவிடும் என்பார் அப்பா. வேலையாட்களைச் சந்தேகப்பட்ட வியாபாரிகளும் உண்டு. பத்தாவது படிக்கும் என் மகளோ, வினையில் நிறை மாறாது என்று புத்தகத்தைக் காட்டுகிறாள். அப்படியானால் அந்த 45 கிலோ எங்கே?

வேதியியல் டீச்சர்:
தூசியும் இல்லை, திருட்டும் இல்லை அண்ணே. புகையோடு புகையாகப் போய்விட்டது. கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அணு எடைக் கணக்கில் கால்சியம் 40, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48, ஆக 100. சூட்டில் 44 பங்கு கார்பன் டை ஆக்சைடாகப் பிரிந்துவிட, மிஞ்சுவது 56. உங்கள் காளவாய் நன்றாகவே எரிகிறது! 1750களில் ஸ்காட்லாந்தின் வேதியியலாளர் ஜோசப் பிளாக் தராசோடு துரத்திக்கொண்டிருந்ததும் இதே எடைக்குறைவைத்தான்.

தண்ணீர் தெளித்து நீற்றும்போது 56 பங்கோடு 18 சேர்ந்து 74 ஆகும். சுவரில் பூசியபின் மெதுவாகக் காற்றிலிருந்து அந்த 44 திரும்ப ஏறும், 18 தண்ணீர் வெளியேறும். மறுபடி 100.

காளவாய்க்காரர்:
அப்போ நீற்றி விற்றால் எடை கூடுமே! சரி, மகள் இன்னொன்று கேட்கிறாள். கிளிஞ்சல் சுடும் சமன்பாட்டில் முன்னால் எண்ணே போடவில்லை, கிளிஞ்சலில் ஆசிட் ஊற்றும் சமன்பாட்டில் மட்டும் 2 எதற்கு?

வேதியியல் டீச்சர்:
கால்சியம் குளோரைடுக்கு இரண்டு குளோரின் வேண்டும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மூலக்கூறு ஒன்றில் இருப்பதோ ஒன்றுதான். அதனால் ஆசிட்டுக்கு முன்னால் 2. எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: கிளிஞ்சல் 100 + ஆசிட் 73 = கால்சியம் குளோரைடு 111 + தண்ணீர் 18 + கார்பன் டை ஆக்சைடு 44. இரண்டு பக்கமும் 173. பிள்ளைகள் பலர் ஃபார்முலாவுக்குள் கீழே இருக்கும் எண்ணை மாற்றிச் சரிக்கட்டுவார்கள். அது பொருளையே மாற்றிவிடும். தண்ணீரில் ஆக்சிஜனை இரண்டாக்கினால் ஹைட்ரஜன் பெராக்சைடு, குடிக்க முடியாது.

நகைத்தராசுக்காரர்:
நிறை மாறாது என்பதை மகளுக்கு வீட்டில் செய்து காட்டுவதென்றால், வாயுவைப் பிடிக்கப் பலூன் வேண்டாம். 1 லிட்டர் அளவுக்கு ஊதினாலே அது தள்ளும் காற்றின் கணக்கில் 1 கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டும், விதியே தப்பு என்பாள். தடித்த சோடா பாட்டிலில் கொஞ்சம் வினிகர், டிஷ்யூ பேப்பரில் மடித்த 2 கிராம் ஆப்ப சோடா, அதற்கு மேல் வேண்டாம். பொட்டலத்தையும் மூடியையும் சேர்த்து முதலில் எடை. உள்ளே போட்டு மூடியை இறுக்கி, பொங்கி அடங்கியதும் எடை. அப்புறம் மூடியைத் திறந்து, வாயு உஸ்ஸென்று போனதும் இன்னொரு முறை. 0.1 கிராம் காட்டும் தராசு இருந்தால் போதும்.